முதல் கிட்டாருக்கு எந்தப் பிக்கப்?

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கோணும்" என்று ரேவதி ஃபோனில் ஆரம்பித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. நான் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்த ரிப்பேர் மேஜையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் இசைக்கருவிக் கடை. கிட்டார், ஆம்ப், கீபோர்டு என்று மின்சாரம் ஓடும் எது பழுதானாலும் பின்னறைக்கு வரும். பின்னறை என்றால் நான். இரண்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றேன். ரேவதி அதற்கு முன் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கேளு கண்ணு" என்றேன்.

"நீங்க பிக்கப் மாத்திக் குடுத்த கிட்டாருல நாலு திரும்பி வந்துருக்குதுங்க. நாலும் நீங்க கடைசி மூணு வருஷத்துல செஞ்சது. நாலு பேரும் சொல்லிவெச்ச மாதிரி ஒண்ணேதான் சொல்றாங்க. காது கூசுதாமாங்க."

"வாசிக்கத் தெரியாதவனுக்கு எதை மாட்டுனாலும் காது கூசத்தான் செய்யும்."

"மூணு பேரு நல்லாவே வாசிக்கறவங்கண்ணா. நாலாவது ஒரு டீச்சரம்மா, தொண்டாமுத்தூர்ல இருந்து வாராங்க. அவங்க இப்பத்தான் கத்துக்கறவங்க. அவங்க ரிப்பேருக்குக் குடுக்கலீங்க. வித்துப்போடச் சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு வாசிக்க வரலியாமா. விரல் சரியில்லியாமா." கூடவே சொன்னாள்: "நான் அந்தக் கிட்டார வாசிச்சுப் பாத்தேனுங்க. எனக்கும் கூசுச்சு."

அட கெரகத்தே! எனக்கு வந்த கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு, வியாழக்கிழமை வருகிறேன், அந்த டீச்சரம்மாவையும் வரச் சொல் என்றேன். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சொன்னது ஒருவர் என்றால் அவர் மேல் பழியைப் போடலாம். நான்கு பேர். ரேவதியோடு ஐந்து. போதாக்குறைக்கு ஒரு பெண் தன் விரலையே சந்தேகப்பட்டு, ஆசையாக வாங்கின கிட்டாரை விற்கக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கிட்டாரின் மேலும் தப்பு இருக்கலாம் என்று தோன்றவே தோன்றாது. எல்லாம் தன் கையின் குற்றம் என்றே நினைப்பார்கள். அப்படி ஒருவரை நான் நினைக்க வைத்திருக்கிறேனா இல்லையா, அதுதான் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

பிக்கப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்கு அடியில், மரத்தில் பதித்த பட்டை ஒன்று இருக்கும், தேய்ந்த சோப்புக் கட்டி அளவுக்கு. அதற்குள் காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப் பெரிதாக்கிச் சத்தமாக வெளியே விடும். கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் விலை குறைந்த கிட்டாரில் இந்தப் பட்டைதான் மட்டமாக இருக்கும். அதனால் ஆறு மாதம் வாசித்ததும் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று வருவார்கள். எதை மாட்டுவது என்று என்னைக் கேட்பார்கள். என் பிழைப்பில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான்.

நான் ஆரம்பித்தது கணபதியில், மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில். கருகின மோட்டாரைப் பிரித்துப் பழைய கம்பியை வெட்டி எடுப்பது, சுற்றை எண்ணுவது, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றுவது. ஐந்து வருஷம். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் குழப்பமே கிடையாது. இத்தனை சுற்று, இத்தனை ஆம்பியர். ஓடினால் சரி, உறுமினால் தப்பு. ஒரு நாள் ஒருவர் கருகின ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சுற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே வந்து, "நம்ம கடைக்கு வந்துருங்க தம்பி" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்தான் முதலாளி சண்முகம்.

முதலாளி போல மரியாதைக்காரரை நான் பார்த்ததில்லை. கடை வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். ஆனால் வேலையில் கல் மாதிரி. பிக்கப் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால் உடனே அலமாரியைத் திறக்க மாட்டார். முதலில் புதுத் தந்தி போடச் சொல்வார். பாதிப் பேருக்கு அதிலேயே கிட்டார் சரியாகிவிடும், சந்தோஷமாகப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்கு, கிட்டார்க் கழுத்தின் கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, சின்ன ஸ்க்ரூட்ரைவரால் ஏற்றி இறக்குவார். அதற்கும் அடங்காவிட்டால்தான் பிரிப்போம்.

பிரித்ததும் பழைய பிக்கப்பை மல்டிமீட்டரில் வைத்து, மின்தடை எவ்வளவு என்று எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் பெரிதாக இருந்தால் சுற்று அதிகம், சத்தம் கனமாக வரும், மினுக்கம், அதாவது கூர்மையான மேல் சத்தம், குறையும். எண் சிறிதானால் மினுக்கம் கூடும். பிறகு முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். மலிவு கிட்டார்களில் அந்த அகலம் ஒன்றுக்கொன்று மாறும். இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் ஓரத் தந்தி காந்தத்துக்கு வெளியே போய்விடும். புதுசை மாட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மீட்டரின் வயர் நுனியில் உள்ள இரண்டு முள்ளையும் இணைப்பின் இரு பக்கமும் வைத்தால் 'பீப்' என்று கத்தும். கத்தினால் இணைப்பு சரி. கழற்றின பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடக் கூடாது. கவரில் போட்டு, கிட்டார்காரரின் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக ஆம்பில் சொருகி வாடிக்கையாளரை வாசிக்கச் சொல்வார். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் முதலாளி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "அவுங்க மொகத்தப் பாத்துட்டா நம்ம காது பொய் சொல்லிப்போடுமுங்க தம்பி" என்பார். நல்ல சத்தம், கெட்ட சத்தம் என்று சொன்னதே இல்லை. "கொஞ்சம் காரமுங்க", "உப்புப் பத்தலீங்க" என்றுதான் சொல்வார். ஓம்ஸையும் ஆம்பியரையும் வைத்துப் பிழைத்துவந்த எனக்கு முதல் இரண்டு வருஷம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உப்பை எந்த மீட்டரில் அளப்பது? மெல்ல மெல்லக் காது பழகியது. பிறகு முதலாளியே, "செல்வராசு காதுல ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிற அளவுக்கு வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

கற்றுக்கொள்கிறவர்களின் கிட்டார் என்றால் முதலாளிக்குத் தனி அக்கறை. "அவுங்க பண்ற தப்பு அவுங்களுக்குக் கேக்கோணும். ஆனாக் கடிக்கப்படாதுங்க" என்பார். மிதமான பிக்கப்பைத்தான் போடுவார். டோன் திருகு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பார். காரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள திருகு அது.

மீட்டரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, கடைசி சில வருஷங்களில் எனக்கும் மீட்டருக்கும் ஆகவே இல்லை. இப்போது வருகிற மீட்டர்களில் அந்த 'பீப்' போடும் பஸ்ஸர் ஒரு வருஷம்கூடத் தாங்குவதில்லை. முள்ளை வைத்தால் எண் வரும், சத்தம் வராது. மூன்று மீட்டர் மாற்றினேன். செய்கிறவனைத் திட்டிக்கொண்டே, திரையைப் பார்த்து வேலை செய்யப் பழகிக்கொண்டேன். ரேவதியிடம் மேஜையை ஒப்படைத்த அன்று மூன்றிலும் துண்டுச் சீட்டு ஒட்டி டிராயரில் போட்டுவிட்டு வந்தேன்: 'பஸ்ஸர் போச்சு. திரையைப் பார்க்கவும்.' அவள் தன் சொந்த மீட்டரோடு வந்திருந்தாள்.

இனி நான் மறக்க முடியாத ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு இருக்கும். விசைத்தறிக்காரர்கள் கூலி ஒப்பந்தத்துக்காகத் தறியை நிறுத்தியிருந்த சமயம். கருமத்தம்பட்டியில் இருந்து குமாரசாமி என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயது தாண்டியிருந்தது. பதினாறு தறி சொந்தமாக ஓட்டுகிறார், பதினாலு வயதில் இருந்து தறியோடு நிற்கிறவர். தறி நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல், மகள் பெங்களூர் வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போன கிட்டாரை எடுத்து, ஃபோனைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்க ஆரம்பித்திருக்கிறார்.

"ஏனுங்க! இந்தக் கிட்டாரு கம்பளி போத்திக்கிட்டு வாசிக்கற மாதிரியே இருக்குதுங்க!" என்று அவர் வாசலில் இருந்து சொன்னதில் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தறி ஓடும் ஊர்க்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். தறி இல்லாத இடத்திலும் தறிக்கு மேலே பேசுகிறார்கள் என்று நாங்கள் கேலி செய்வது உண்டு.

புதுத் தந்தி போட்டோம். ஏற்றி இறக்கினோம். கம்பளி போகவில்லை என்றார். கொஞ்சம் மினுக்கமான பிக்கப் மாட்டிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "அப்படியேதானுங்க இருக்குது." அதைவிட மினுக்கமாக இரண்டாவது. அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் குழப்பம் தலைக்கேறியது. மீட்டரில் எண் சரி, இணைப்பு சரி, ஆம்ப் சரி. மூன்றாவதாக, அலமாரியின் அடியில் யாரும் வாங்காமல் கிடந்த, சுற்று மிகக் குறைந்த ஒன்றை எடுத்து மாட்டினேன். ஒரு தந்தியைத் தட்டியதும் என் பல் கூசியது. முன்பக்கம் புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

குமாரசாமி முகம் மலர்ந்து, "ஆங்! இப்பக் கொஞ்சம் பரவால்லீங்க!" என்றார்.

மனுஷன் என்னை வைத்து விளையாடுகிறாரா என்றே நினைத்தேன். எதற்கும் இணைப்புகளை மறுபடி பார்த்துவிடலாம் என்று மீட்டரை எடுத்தேன். ஒரு கிளிப்பைக் கிட்டாரின் உலோகத் தகட்டில் மாட்டினேன். அடுத்த முள் கை நழுவி அதே தகட்டின் மேல் விழுந்து கிடக்க, மீட்டர் விடாமல் கத்த ஆரம்பித்தது. கத்திக்கொண்டே இருந்தது, குமாரசாமியின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி. நான் கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தச் சனியன நிறுத்துங்க!" என்று முதலாளி முன்பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தார்.

குமாரசாமி என்னைப் பார்த்துக் கேட்டார்: "எதை நிறுத்தச் சொல்றாருங்க?"

"இந்த மீட்டரைத்தானுங்க."

"அது என்னுங்க பண்ணுது?"

"கத்துதுங்களே."

அவர் குனிந்தார். மீட்டரின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். நிமிர்ந்து என்னையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "கத்துதுங்களா?" என்றார்.

முதலாளி எழுந்து வந்தார். எதுவும் கேட்காமல் மீட்டரை எடுத்துக்கொண்டு குமாரசாமியின் முதுகுப் பக்கம் போய் நின்று, "சத்தம் கேக்கறப்பக் கையத் தூக்குங்க" என்றார். முள்ளை நான்கைந்து தடவை சேர்த்துப் பிரித்தார். கை மேலே வரவே இல்லை. கிட்டார் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார், டீ சொன்னார், எதிரில் உட்கார்ந்து சத்தமாகவும் நிதானமாகவும் சொன்னார்.

"உங்க கிட்டாருல ஒரு கோளாறும் இல்லீங்க. பேச்சுச் சத்தம் உங்களுக்குக் கேக்குது. இந்தப் பொடிச் சத்தம், மேல் சத்தம் மட்டும் கேக்கறதில்லீங்க. தறி அத எடுத்துட்டுப் போயிருச்சு. டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

குமாரசாமி சிரித்தார். "எங்கூர்ல யாருக்குங்க காது ஒழுங்கா இருக்குது? எல்லாரும் கத்தித்தானுங்க பேசறோம். அதுனால தெரியவே இல்ல பாருங்க" என்றார். டீ வந்தது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"என்ற புள்ள இத வாசிக்கறப்ப நான் பக்கத்துலதானுங்க உக்காந்திருப்பேன்" என்றார். முதல் முறையாக அவர் குரல் தணிந்திருந்தது. "அப்ப நான் கேட்டதெல்லாம் பாதிதானுங்களா?"

முதலாளி கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இப்போது எந்தப் பிக்கப்பை மாட்டுவது? அவர் காதுக்கா, கேட்கிறவர்கள் காதுக்கா? முதலாளி அந்தக் காரமான பிக்கப்பையே இருக்கவிட்டார். ஸ்க்ரூ கழன்றுவிடாமல் இருக்க நாங்கள் தடவும் நெயில் பாலீஷ் மேஜையில் இருந்தது. அதை எடுத்து டோன் திருகைச் சுற்றி இரண்டு புள்ளி வைத்தார், தள்ளித் தள்ளி. "நீங்க தனியா வாசிச்சா இந்தப் புள்ளி. ஊட்ல ஆளுக இருந்தா அந்தப் புள்ளிங்க" என்றார். குமாரசாமி திருகை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதலாளி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவருக்குப் பிறகு சுவரைப் பார்த்து நிற்க ஆளில்லை. அவர் மகன் முன்பக்கத்தோடு சரி. நானே மாட்டி, நானே கேட்டு, நானே அனுப்பினேன். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு விஷயம் எரிச்சலாக இருந்தது. வருகிற பிக்கப் எல்லாம் மந்தமாகவே இருந்தன. முன்பு மாதிரி யாரும் செய்வதில்லை என்று அலுத்துக்கொண்டு, இருப்பதிலேயே மினுக்கமானதாகத் தேடித் தேடி மாட்டினேன். டோன் திருகை யாரும் தொடுவதில்லை, அது சத்தத்தைத் தின்பதுதான் மிச்சம் என்று, கற்றுக்கொள்கிறவர்களின் கிட்டாரில் அதன் இணைப்பையே வெட்டிவிட்டேன். திருகு இருக்கும், திருப்பினால் ஒன்றும் ஆகாது. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன், சத்தியமாக.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். டீச்சரம்மா எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெயர் கலைவாணி, கணக்கு டீச்சர். நாற்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்களுக்கு வீண் சிரமமுங்க. உங்க வேலைல ஒண்ணும் குத்தமில்லீங்க. எனக்குத்தான் வரல" என்றார்.

"எத்தன நாளா வாசிக்கறீங்க?"

"எட்டு மாசமுங்க. பிக்கப் மாத்துன பொறகுதான் மோசமாப் போச்சு. தெளிவாக் கேக்கறதால என்ற தப்பெல்லாம் வெளிய வருதுன்னு நெனச்சேன்." சிரித்தார். "பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாருங்க. டீச்சர், நீங்க சாயங்காலமா வாசிங்க, தோட்டத்துக்கு ஆனை வந்தா வெரட்டறதுக்கு வெடி போட வேண்டியதில்லைன்னாரு. அன்னிக்கே உறைக்குள்ள போட்டு மூடிப்போட்டேன்."

சிரிப்பு வாயில்தான் இருந்தது, கண்ணில் இல்லை.

ரேவதி டீச்சரின் கிட்டாரை ஆம்பில் சொருகி எனக்காக ஒரு வரி வாசித்தாள். தண்ணீர் மாதிரி தெளிவு. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக எண்ணிவிடலாம். "இதுக்கு என்ன குறைச்சல்?" என்று திரும்பினேன். டீச்சர் தோளைக் காதுவரைக்கும் தூக்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறார்களா?

"இதக் கேளுங்கண்ணா" என்று ரேவதி வேறொரு கிட்டாரை எடுத்தாள். அதே மாடல், கடைச் சரக்கு. அதில் மிதமான பிக்கப்பை மாட்டி வைத்திருந்தாள். அதே வரியை வாசித்தாள். டீச்சரின் தோள் இறங்கியது. முகம் தெளிந்தது. "இதுதானுங்க, இப்படித்தான் இருக்கோணும்" என்றார்.

"அட, என்ன அம்மணி நீங்க! கம்பளி போத்திக்கிட்டு வாசிக்கற மாதிரி இருக்குது" என்றேன்.

சொல்லி முடித்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. அது என் வார்த்தை இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பு இதே வாசலில் ஒருவர் கத்திச் சொன்ன வார்த்தை.

ரேவதிக்கு அந்தக் கதை தெரியாது. அவள் டிராயரைத் திறந்து நான் விட்டுவிட்டு வந்த மூன்று மீட்டரையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். சீட்டுகள் அப்படியே ஒட்டியிருந்தன. "நேத்து இதையெல்லாம் எடுத்து பேட்டரி போட்டுப் பாத்தேனுங்கண்ணா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் முதல் மீட்டரை எடுத்தேன். இரண்டு முள்ளையும் சேர்த்தேன். திரையில் பூஜ்யம் வந்தது. மேலே ஃபேன் ஓடுவது கேட்டது. வேறொன்றும் இல்லை. ரேவதியைப் பார்த்தேன். "கத்துதுங்கண்ணா" என்றாள். டீச்சரைப் பார்த்தேன். அவரும் தலையாட்டினார். இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதை எடுத்துக் காதோடு ஒட்டி வைத்துச் சேர்த்தேன். பிரித்தேன். மறுபடி சேர்த்தேன். எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை. ரேவதிதான் என் கையைப் பிடித்து, "போதுமுங்கண்ணா" என்றாள்.

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எப்போதிருந்து? முதல் மீட்டரை மாற்றியபோதா, அதற்கும் முன்பா? முதலாளி இருந்த காலத்தில் நான் கேட்டதாவது முழுசா? என் மனைவி வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று எத்தனை வருஷமாக எரிந்து விழுகிறேன். மோட்டாராக இருந்தால் பிரித்துப் பார்த்து, இந்தச் சுற்றில்தான் கருகியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுவேன். இதை எங்கே பிரித்துப் பார்ப்பது?

"எந்த வருஷத்துல இருந்து செஞ்சதக் கூப்பிட்டுப் பாக்கலாமுங்கண்ணா?" என்று ரேவதி மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்டாளா, சாதாரணமாகத்தான் கேட்டாளா, அதுவும் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

"தெரியல கண்ணு" என்றேன். "எல்லாத்தையும் கூப்புடு."

பழைய பிக்கப் எல்லாம் பெயர் எழுதின கவரில் பத்திரமாக இருந்தது, கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலும் அதுவே. முதலாளியின் பழக்கத்தில் அது ஒன்றையாவது நான் விடவில்லை. டீச்சரின் கிட்டாரை நான்தான் பிரித்தேன். கை இன்னும் என் கைதான். நான் வெட்டிவிட்ட டோன் இணைப்பைப் பற்றவைத்தேன். ரேவதி எடுத்துக் கொடுத்த மிதமான பிக்கப்பை மாட்டினேன். இணைப்பைச் சோதிக்க மீட்டரை அவளிடம் கொடுத்தேன். பிறகு அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, டீச்சரை வாசிக்கச் சொன்னேன்.

டீச்சர் வாசிக்கவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, நடந்தது இன்னும் முழுதாகப் பிடிபடாத குரலில் கேட்டார்:

"அப்படீன்னா, என்ற விரல்ல ஒண்ணும் இல்லீங்களா?"

"உங்க விரல்ல ஒண்ணுமே இல்லீங்க அம்மணி" என்றேன். "என்ற காதுலதானுங்க."

அவர் குனிந்து வாசிக்க ஆரம்பித்தார். எனக்குக் கம்பளி போர்த்தித்தான் கேட்டது. ரேவதி சுவரைப் பார்த்தபடியே, தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள்.